முந்நூற்று நான்கும் இருவர் ஆட்டமும்

நான்கு பேர் கூடினாலன்றி நடவாத விளையாட்டு முந்நூற்று நான்கு. கல்முனையிலும், அதனை அடுத்த மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களிலும் விறாந்தையில் ஒரு பாயை விரித்து நால்வர் வட்டமாக அமர்ந்தால், எதிரெதிரே இருப்போர் ஒரு கட்சி என்பது சொல்லாமலே விளங்கும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் இக்கரையோரத்தில் நெடுங்காலமாக உண்டு. ஆகவே அந்த நால்வர் பெரும்பாலும் மாமனாரும் மருமகனும் இரண்டு மச்சான்மாருமாக அமைவர். பகலில் மாமனார் முன் வாய்திறவாத புதுமாப்பிள்ளை, இரவில் அவருடைய பெரிய கடதாசியைத் துரும்பால் வெட்டி எடுத்துக்கொள்வதற்கு இந்த ஒரு விளையாட்டே அனுமதி அளித்தது எனலாம்.

அந்த நால்வர் இருவரானால் என்செய்வது? கட்டைக் கட்டிப் பெட்டிக்குள் வைத்துவிடுவதா, அல்லது ஆட்டத்தையே இருவருக்கு ஏற்றவாறு திருத்திக்கொள்வதா? வினா சிறிதெனத் தோன்றும். ஆனால் இந்த விளையாட்டு கடந்துவந்த நெடுவழியை நோக்கினால், ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு காலத்திலும் மக்கள் இதே வினாவுக்கு விடை தேடியிருக்கின்றனர் என்பது புலனாகும்.

விளையாட்டின் பெயர் ஒரு கூட்டுத்தொகை. 52 கடதாசிகளில் இரண்டு முதல் ஆறு வரையுள்ளவற்றை நீக்கினால் 32 எஞ்சும். ஜாக் ஒன்றுக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. இவற்றைக் கூட்டின் ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் 304. முதலில் ஆளுக்கு நான்கு கடதாசி போடப்படும். அந்த நான்கை மட்டும் கண்டு, பாதித்தொகையாகிய 152ஐக் கடந்து 160 என்றோ அதற்கு மேலோ கேட்பவர், தமக்கு விருப்பமான துரும்பை மூடி வைக்கிறார். பின்னரே மற்றை நான்கும் வரும். துரும்பு எது என்பது கேட்டவர் ஒருவருக்கே தெரியும். தமக்கு எதிரே இருக்கும் கூட்டாளிக்குக்கூட அவர் அதனைச் சொல்லக் கூடாது. இராசா, இராணி எல்லாரையும் தாண்டி ஏவலாளாகிய ஜாக் முதலிடம் பெறுவதும், பாதி இருட்டில் விலை கூறுவதும், மூடிய துரும்பும் ஆகிய இம்மூன்றுமே இவ்விளையாட்டின் உயிர்.

இனிப் பெயர்களைப் பார்ப்போம். வரலாறு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இலங்கைத் தமிழர் சீட்டு என்பதைவிடக் கடதாசி என்றே மிகுதியாக வழங்குவர். இச்சொல் போர்த்துக்கீசரின் ‘கர்த்தாஸ்’ என்பதிலிருந்து வந்தது. இந்துமாக்கடலில் செல்லும் கப்பல் ஒவ்வொன்றும் தம்மிடம் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்று போர்த்துக்கீசர் 16ஆம் நூற்றாண்டில் விதித்தனர். அச்சீட்டின் பெயரே கர்த்தாஸ். அஃதின்றிச் சென்ற முஸ்லிம் வணிகரின் மரக்கலங்கள் பறிமுதலாயின. அந்தப் போர்த்துக்கீசச் சொல்லும் ‘கிர்த்தாஸ்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது என்பர். அரபியிலிருந்து லிஸ்பனுக்குச் சென்று, அதிகார முத்திரையோடு கீழ்க்கடலுக்குத் திரும்பி, இறுதியில் கல்முனை விறாந்தையில் விளையாட்டுப் பொருளாக அமர்ந்த சொல் அது.

சொல்லைப் போலவே பொருளும் பயணம் செய்தது. ஐரோப்பாவில் சீட்டாட்டம் பற்றிய குறிப்புகள் 1370ஆம் ஆண்டுகளில் திடீரெனத் தோன்றுகின்றன. 1377இல் புளோரன்ஸ் நகரம் அதனைக் கட்டுப்படுத்தியது. எங்கிருந்து வந்தது என்பதற்கு இஸ்தான்புல் நகரின் தொப்காப்பி அரண்மனையில் கிடைத்த ஒரு கட்டு விடையளித்தது. எகிப்தின் மம்லூக் ஆட்சிக்காலத்ததாகிய அக்கட்டைப் பற்றி லியோ மேயர் என்ற அறிஞர் 1939இல் எழுதினார். கிண்ணம், நாணயம், வாள், போலோக் கோல் என நான்கு இனம். ஒவ்வோர் இனத்திலும் மாலிக், நாயிப், இரண்டாம் நாயிப் என மூன்று தலைவர். அரசன், அவன் பிரதிநிதி, அவனுக்கும் அடுத்தவன் என்பது பொருள். ஸ்பானியர் இன்றும் சீட்டை ‘நைப்பே’ என்று அழைப்பது இந்த நாயிப் என்னும் அரபுச் சொல்லின் எதிரொலியே. மம்லூக் என்ற சொல்லுக்கு அடிமை என்று பொருள். அடிமைப் படைவீரராய் இருந்தோரே எகிப்தில் அரசராயினர். மூன்றாம் இடத்தவன் முதலிடம் ஏறும் ஆட்டம் பிற்காலத்தில் ஐரோப்பாவில் உருவானதேயன்றி எகிப்தில் அன்று. ஆயினும் இப்பொருத்தம் நினைந்து இன்புறத்தக்கது.

இந்தியாவுக்குச் சீட்டு வேறொரு வழியாகவும் வந்தது. பாபர் 1527இல் தம் நண்பர் ஒருவருக்குக் கஞ்சிஃபாக் கட்டொன்றை அனுப்பிய செய்தி அவருடைய நினைவுக் குறிப்பில் உள்ளது. வட்ட வடிவான அந்த மொகலாயச் சீட்டு ஒரு தனிக் கிளை. நமது விளையாட்டு அதன் வழித்தோன்றல் அன்று. நமது விளையாட்டு கடல்வழி வந்தது.

கொண்டுவந்தவர் யார்? மட்டக்களப்பில் போர்த்துக்கீசர் 1628இல் கோட்டை கட்டினர். அதற்குச் சிறிது முன்னர், 1626இல், அவர்கள் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற, கண்டியரசன் செனரத் அவர்களுள் பெருந்தொகையினரைக் கிழக்குக் கரையில் குடியேற்றினான். 1638இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். பின்னர் 1796 வரை இலங்கையின் கரையோரங்களில் ஒல்லாந்தர் கொடியே பறந்தது. அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் பல: கந்தோர், கக்கூசு போன்றவை நாள்தோறும் நம் வாயில் வழங்குகின்றன. சீட்டின் இனப்பெயர்களும் அவ்வகையினவே. ஸ்கோப்பன் என்பது மண்வாரியைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல். கலாவரை என்பது மூவிலைப் புல்லைக் குறிக்கும் ‘கிளாவர்’. சிங்களத்தில் கலாபர, இஸ்கோப்ப, ருயித்த, ஹார்த்த என நான்கும் அப்படியே நிலைத்துவிட்டன. துரும்பு மட்டும் போர்த்துக்கீசரின் ‘துருன்ஃபோ’வை நினைவூட்டுகிறது. தமிழில் துரும்பு என்றால் உதவாத புல்லின் நுனி. அந்தப் புல்லின் நுனி ஆசையும் பத்தையும் வெட்டி வீழ்த்துகிறது என்றால், வேற்றுமொழிச் சொல்லைத் தமிழர் காது தன் வழக்கப்படி திருத்திக்கொண்டதில் ஒரு நகைச்சுவை அமைந்துவிட்டது.

ஜாக்கையும் ஒன்பதையும் உயர்த்தும் முறை ஒல்லாந்தில் ‘கிளாவர்யாஸ்’ என்ற ஆட்டத்திலும், சுவிஸ் நாட்டில் ‘யாஸ்’ என்ற ஆட்டத்திலும் உண்டு. ஆங்கே துரும்பினத்தில் மட்டுமே அவற்றுக்கு ஏற்றம். இங்கே எல்லா இனத்திலும் ஏற்றம். தென்னாசியாவின் இவ்வகை ஆட்டங்கள் ஒல்லாந்த மாலுமிகளின் ஆட்டத்தினின்று கிளைத்தவை என்று சீட்டாட்ட வரலாறு ஆய்ந்தோர் கருதுவதற்கு இதுவே காரணம். ஒரு கணக்கை இங்குச் சுட்டாமல் செல்ல இயலாது. யாஸ் ஆட்டத்தில் கடதாசிகளின் மொத்தப் பெறுமதி 152. அதனை இரட்டித்தால் 304. தற்செயலோ மரபோ, கல்முனையில் ஒருவர் பாதித்தொகையைத் தாண்டிக் கேட்கும்போது, சுவிஸ் உழவன் தன் முழுத்தொகையாக எண்ணியதைத் தாண்டிக் கேட்கிறார். சுவிஸ் நாட்டில் யாஸ் பற்றிய முதற்குறிப்பு 1796இல், ஷாஃப்ஹவுஸன் பகுதியில் கிடைக்கிறது. ஒல்லாந்தர் இலங்கையை இழந்த ஆண்டும் அதுவே.

இந்தக் குடும்பம் பெரிது. கேரளத்தில் பெறுமதிகளைச் சுருக்கி, ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என வைத்து 28 என்ற ஆட்டத்தை அமைத்தனர். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்காக நேட்டாலுக்குச் சென்ற இந்தியரின் வழித்தோன்றல்கள் தர்பன் நகரில் ஆடும் ‘துனி’யில் 24 கடதாசிகளே உண்டு. எட்டும் ஏழும் பெறுமதி அற்றவையாதலால் அவற்றை நீக்கிவிட்டனர். மொத்தம் அங்கேயும் 304தான். இலங்கையில் ஓமி என்ற ஆட்டம் பெறுமதியையே விட்டுப் பிடிகளை மட்டும் எண்ணுகிறது. எந்த ஊரும் வந்ததை வந்தவாறே வைத்துக்கொள்ளவில்லை.

இவ்விடத்தில் ஒரு செய்தியைத் தவிர்த்தல் முறையன்று. கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் கடதாசிக் கட்டு எல்லா வீட்டிலும் வரவேற்கப்படும் பொருள் அன்று. பணயம் வைத்து ஆடுவதைத் திருக்குர்ஆன் மைசிர் எனத் தடுத்திருக்கிறது. அதில் இரு கருத்து இல்லை. பணயமின்றி ஆடுவதைப் பற்றியோ அறிஞரிடையே நெடிய ஆராய்ச்சி உண்டு. இப்பகுதியினர் தழுவும் ஷாஃபிஈ மரபில், சிந்தனையையும் கணக்கையும் சார்ந்த சதுரங்கத்தை விரும்பத்தகாதது என்ற அளவிலும், தாயக்கட்டையின் உருளலைச் சார்ந்த ‘நர்த்’ என்பதைத் தடுக்கப்பட்டது எனவும் பிரித்துக் காட்டினர். கடதாசி எந்தப் பக்கம் சாரும் என்பதற்குத் தீர்ப்பு உரைப்பது உலமாக்களின் பணி. எண்ணத்தக்கது ஒன்று: முந்நூற்று நான்கில் கைக்கு வருவது வாய்ப்பு, வந்ததைக் கொண்டு செய்வது கணக்கு. ஆட்டத்தைத் திருத்துவோர் எதனைக் கூட்டுகின்றனர், எதனைக் குறைக்கின்றனர் என்பதைப் பொறுத்து அந்தத் தராசு சாயும். இருவர் ஆட்டத்தைப் பற்றி ஆராயும்போது இதனை மறத்தலாகாது.

நால்வர் எப்போது இருவராயினர்? 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைதேடிச் சென்றோர் தொகை பெருகிற்று. மச்சான்மார் இருவரும் கட்டாரிலும் சவூதியிலும் இருப்பின் பாயில் இரண்டு இடம் வெறுமை. 1983க்கும் 2009க்கும் இடையிலான போர்க்காலத்தில் மாலைக்குப் பின் அண்டை வீட்டுக்குச் செல்வதே அச்சமான நாட்கள் பல இருந்தன. ஆட்டத்துக்கு நேரம் ஏராளம். ஆள் மட்டும் இல்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோளில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; மாண்டோர் 10,000க்கு மேற்பட்டோர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையோரங்களில் வரிசை வரிசையாக வீடுகள் அழிந்தன. அவ்வாறான இழப்பின் முன் விளையாட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் எஞ்சிய இருவர் ஒரு நீண்ட மாலைப்பொழுதை எதிரெதிரே அமர்ந்து கழிக்கவேண்டியிருந்தது என்பதும் அந்த இழப்பின் ஒரு பகுதியே.

இருவருக்கென ஆட்டத்தைத் திருத்துவோர் முதலில் செய்வது எளிய வகுத்தல்: 32ஐ இரண்டால் வகுத்து ஆளுக்கு 16. இதனினும் பெரிய பிழை இல்லை. தம் கையிலுள்ள 16ஐக் கண்டவர், எஞ்சிய 16உம் எதிரியிடம் உள்ளன என்பதை அக்கணமே அறிகிறார். மறைவு என்பதே அற்றுப்போகிறது. கேட்பதற்குத் துணிவு வேண்டியதில்லை. விரல்விட்டு எண்ணினால் போதும்.

இரண்டாவது வழி, வராத இருவருக்கும் எட்டெட்டுக் கடதாசி வைத்து, அவற்றைத் திறந்து வைத்து ஆடுவது. இதுவும் முன்னதன் மாறுவேடமே. தம் கையில் 8, திறந்தவை 16. ஆகவே காணாத 8உம் எதிரியின் கையிலேயே இருந்தாகவேண்டும். வேற்றூர் சென்றவர்க்கு இலை போட்டு வைத்தது போன்ற உபசாரம் இது, ஆட்டத்துக்கு உதவாது.

மேலைநாட்டார் இச்சிக்கலைப் பலவாறு அவிழ்த்தனர். யாஸ் குடும்பத்தைச் சேர்ந்த ‘கிளாபர்யாஸ்’ இருவருக்கெனவே அமைந்தது. அதில் முதலில் ஆளுக்கு 6, துரும்பு முடிவான பின் மேலும் 3. ஆக 18 கடதாசியே ஆட்டத்தில் இறங்கும், 14 உறங்கும். இரண்டு தவணையாகப் போடுவதும், இடையில் துரும்பை முடிவுசெய்வதும் முந்நூற்று நான்கை அறிந்தவருக்கு வீட்டு வாசனை போல் இருக்கும். மறைவு நிறைய உண்டு. ஆனால் உறங்கும் கட்டில் ஜாக்கு இரண்டு கிடந்தால் 60 போய்விடும். மொத்தம் எவ்வளவு என்று தெரியாமல் 160 என்று கேட்பது எங்ஙனம்? முந்நூற்று நான்கை இவ்வழியில் ஆளுக்கு எட்டாக ஆடுவோர் கேள்வியைப் பாதியாக, 80ஐ ஒட்டித் தொடங்க நேரும். பெயரே பொய்யாகிவிடுகிறது. திறமையினும் வாய்ப்பின் பங்கு ஓங்குவதும் இதிலேதான்.

‘ஜேர்மன் விஸ்ட்’ எனப்படும் ஆட்டம் வேறு வகை. கைக்குச் சிலவற்றைப் போட்டு, எஞ்சியதை நடுவில் அடுக்கி, மேற்கடதாசியைத் திறந்து வைப்பர். பிடியை வென்றவர் திறந்ததை எடுப்பார். தோற்றவர் அடுத்ததைக் காணாமல் எடுப்பார். முதற்பாதி கை சேர்க்கும் பாதி, இரண்டாம் பாதியே உண்மையான போர். அழகான அமைப்பு. ஆயினும் நான்கு கடதாசியைக் கண்டு விலை கூறும் துணிவுக்கு அதில் இடமில்லை.

மிக அருகில் வருவது ஜேர்மனியின் ‘உத்தியோகத்தர் ஸ்காட்’. மூவர் ஆடும் ஸ்காட்டை இருவருக்கெனத் திருத்தியது அது. ஆளுக்கு 16, எட்டை மூடி வைத்து, அவற்றின்மேல் எட்டைத் திறந்து வைப்பர். மேலுள்ளது ஆடப்பட்டபின் கீழுள்ளது திறக்கப்படும். தமக்கு உரியதையே தாம் அறியாதிருப்பது இதன் நுட்பம். எல்லாமே மேசைமீது இருப்பதால் கையென்று ஒன்று இல்லாமை இதன் குறை.

முந்நூற்று நான்குக்கு இதனைச் சிறிது மாற்றிக்கொண்டால் போதும். ஆளுக்கு நான்கு கடதாசி கைக்கு. அந்த நான்கைக் கண்டு வழக்கம்போல் 160 முதல் கேள்வி. கேட்டவர் துரும்பை மூடி வைக்கிறார். பின்னர்க் கைக்கு மேலும் நான்கு; அதன்பின் ஒவ்வொருவர் முன்னும் நான்கு மூடியும், அவற்றின்மேல் நான்கு திறந்தும். இப்போது ஒருவர் காண்பவை தம் கையில் 8, தம் முன் 4, எதிரி முன் 4, ஆக 16. காணாதவை எதிரியின் கையில் 8, இருவர் முன்னும் மூடிய 8, ஆக 16. கட்டின் சரிபாதி வெளிச்சம், சரிபாதி இருள். 32 கடதாசியும் ஆட்டத்தில் இறங்குவதால் 304உம் குறைவின்றி நிற்கும், கேள்வியையும் மாற்றவேண்டியதில்லை. உறங்கும் கடதாசி ஒன்றும் இல்லாமையால், ஆடி முடிந்தவற்றை நினைவில் வைத்திருப்பவருக்கே வெற்றி. கணக்கின் தட்டு தாழ்கிறது.

விதிகளில் இரண்டை முன்கூட்டியே பேசிக்கொள்ளல் வேண்டும். ஒன்று, இனம் போடுவது கையை மட்டும் பொறுத்ததா, முன்னே திறந்திருப்பவற்றையும் பொறுத்ததா என்பது. இரண்டையும் பொறுத்தது என்று கொள்வதே நேர்மை. இல்லையேல் திறந்திருக்கும் பத்தைப் பார்த்துக்கொண்டே இனமில்லை என்று சாதிக்க இடமுண்டாகும். மற்றொன்று, இனமில்லாதவர் மூடி இறக்கும் கடதாசி. கையிலிருந்து மட்டுமே அதனை மூடி இறக்கலாம். யாவரும் கண்ட கடதாசியைக் கவிழ்த்து வைப்பதில் பொருளில்லை. அது துரும்போ அன்றோ என்று, துரும்பு அறிந்த ஒருவரே நிமிர்த்திப் பார்ப்பார். நால்வர் ஆட்டத்தில் அந்த ஒரு கணம் மூவர் மூச்சடக்கி இருப்பர். இருவர் ஆட்டத்தில் ஒருவர்தான். ஆயினும் மூச்சு அடங்கத்தான் செய்கிறது.

எதனை மீட்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். கூட்டாளியை மீட்க முடியாது. எதிரே அமர்ந்தவரின் கையைக் காணாமலே நம்பி, அவர் இறக்கிய ஒன்பதுக்கு மேல் தம் ஜாக்கை வீணாக்காது காத்திருக்கும் அந்த இசைவு இருவரிடையே இல்லை. ‘ஏன் மச்சான் அதைப் போட்டீர்?’ என்று ஆட்டம் முடிந்தபின் எழும் சச்சரவும் இல்லை. அதுவும் ஒரு குறையே. கூட்டாளியின் இடத்தை மூடிக்கிடக்கும் நான்கு கடதாசி எடுத்துக்கொள்கின்றன. அவற்றை நம்பலாம், கோபித்துக்கொள்ள இயலாது.

இன்னும் ஒரு சிறு மாற்றம். நால்வர் ஆட்டத்தில் பிடி எட்டு. இருவர் ஆட்டத்தில் பதினாறு. எட்டையும் ஒரு கட்சியே எடுப்பதை ஓமி ஆடுவோர் ‘கப்போதி’ என்பர்; பிரெஞ்சுக்காரர் வாயிற் பிறந்து ஒல்லாந்தர் வழியாக வந்த சொல் அது. பதினாறு பிடியில் ஒன்றையும் விடாது ஒருவரே எடுப்பது அரிதினும் அரிது. கீழே மூடிக்கிடந்த ஏதேனும் ஓர் ஆசு கடைசியில் தலைதூக்கி அதனைக் கெடுத்துவிடும். ஆகவே பாயில் இருவர் எஞ்சிய வீடுகளில் அந்தச் சொல்லுக்கு மட்டும் அநேகமாக வேலை இல்லை.